பீங்கான் பிடித்து நிறுத்திய குரல்

புதன்கிழமை பொழுது சாய்ந்து ஆறு மணி நெருங்கிவிட்டால் ராமாமணிக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் கொதிக்கிற சோற்றை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மாமியார் பங்காரம்மாவின் தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்து, அவள் முகத்தை ரேடியோப் பெட்டி இருக்கிற பக்கமாகத் திருப்பி வைப்பாள். பிறகுதான் பெட்டியின் திருகில் கை வைப்பாள். உள்ளே வால்வுகள் மெல்லச் சிவந்து சூடேறும். முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அந்த இரைச்சலின் அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து படியேறி வருகிறவன் போல, அவள் புருஷன் வருவான்.

“சிங்கப்பூரிலிருந்து தமிழ் ஒலிபரப்பு. நேயர்களுக்கு வணக்கம்.”

“வந்துட்டான்” என்பாள் பங்காரம்மா. வாய் கோணிப்போன பிறகு அவளுக்குச் சொற்கள் குழறித்தான் வரும். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வரும்.

அது 1938ஆம் வருஷத்து ஐப்பசி. கோயமுத்தூருக்கு வடக்கே கணபதியில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்துவிட்டிருந்தது என்றாலும், ரேடியோ வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் எல்லோரும் மில்காரர்கள். ராமாமணியின் வீட்டில் ரேடியோ இருந்ததற்குக் காரணம் வேறு. அவள் புருஷன் சுந்தரராஜுலு அதைத் தன் கையாலேயே கட்டியிருந்தான்.

சுந்தரராஜுலு முதலில் மில்லில் கரண்டு வேலை பார்த்தவன். பிறகு ரேடியோப் பைத்தியம் பிடித்து, மில்லை விட்டு நின்று, ஒப்பணக்காரத் தெருவில் ஓர் அறை பிடித்து ரேடியோ ரிப்பேர் பார்க்கத் தொடங்கினான். உதிரிச் சாமான் பம்பாயிலிருந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கண்டென்சர்களை வீட்டிலேயே சுற்றிக் கொள்வார்கள். அந்த வேலை ராமாமணியுடையது. ஈயத்தாளை நீளமாக நறுக்கி விரித்து, அதன்மேல் மெல்லிய காகிதம், அதன்மேல் இன்னொரு ஈயத்தாள், மறுபடி காகிதம் என்று அடுக்கி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, உருகிய மெழுகில் முக்கி எடுப்பாள். விரல் நுனியெல்லாம் எந்நேரமும் மெழுகு வாசம் அடிக்கும்.

“ரெண்டு ஈயத்தாளும் ஒன்னை ஒன்னு தொட்டுறக் கூடாது, அம்மணி. தொட்டுச்சுன்னா கதை முடிஞ்சுது” என்று அவன் சொல்லியிருக்கிறான். “ரொம்ப எட்ட இருந்தாலும் வேலைக்காகாது. நடுவுல நாம எதை வெக்கறமோ, அதோட கொணந்தான் கண்டென்சரோட கொணம். காயிதம் வெச்சா காயிதத்து கொணம். காக்காப்பொன்னு வெச்சா காக்காப்பொன்னு கொணம்.”

கடை சரியாக ஓடவில்லை. அந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் புதிதாக ரேடியோ நிலையம் வைக்கிறார்கள், யந்திரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று சேதி வந்தது. சேதி கொண்டுவந்தது ரசாக். உக்கடத்தில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறவர். சுந்தரராஜுலுவுக்கு ரொம்ப நாள் சிநேகிதர். அவர் மனைவி பக்ருன்னிசாவின் தம்பி நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கப்பலில் போய்வந்து சரக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தான்.

சுந்தரராஜுலு கிளம்புவதென்று முடிவு செய்தான். ஆனால் அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரே பிள்ளை. சொன்னால் வாசற்படியில் படுத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு தை மாதத்து விடியற்காலையில், பங்காரம்மா தூங்கிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எழுந்து பார்த்தவள் ஒரு நாள் முழுக்க வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கேட்டாள்.

“வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போகக் கூடாதா? வாரேன்னு சொல்லாமப் போனவன் எப்படி வருவான்?”

அந்த வருஷம் ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அங்கே வந்துவிடும்படி சிங்கப்பூரிலிருந்து புருஷன் ராமாமணியைக் கூப்பிட்டனுப்பினான். இந்த நிலையில் இருக்கிற மனுஷியைக் கப்பலில் கொண்டுபோக முடியுமா, இல்லை, விட்டுவிட்டுத்தான் போக முடியுமா? ராமாமணி இருந்துவிட்டாள். அவனுக்கோ மூன்று வருஷ ஒப்பந்தம்.

நிலையத்தில் யந்திரம் பார்க்கப் போனவனை, குரல் நன்றாக இருக்கிறதென்று வாரம் ஒரு நாள் தமிழ் படிக்கவும் வைத்துவிட்டார்கள். இதைக் கப்பலிலிருந்து இறங்கிய கையோடு பக்ருன்னிசாவின் தம்பி வந்து சொன்னபோது, ராமாமணிக்கு நம்பவே முடியவில்லை. அட்டாலியிலிருந்து ரேடியோவை இறக்கித் துடைத்தாள். இரண்டு தென்னைக்கு நடுவே ஏரியல் கம்பி இன்னமும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வந்த முதல் புதன்கிழமையே குரல் கிடைத்துவிட்டது.

கிடைத்தது நிற்கவில்லை. கஷ்டம் அதில்தான் தொடங்கியது.

வணக்கம் சொல்லி, ரப்பர் விலை படித்து, கப்பல் வரத்துப் போக்கைப் படிக்கிறவரைக்கும் சுந்தரராஜுலு நன்றாகத்தான் பேசுவான். பிறகு குரல் கம்மும். தண்ணீருக்குள் மூழ்கிப் பேசுகிற மாதிரி ஆகும். ராமாமணி திருகை மயிரிழை நகர்த்துவாள். குரல் திரும்ப வரும். மறுபடி நழுவும். மறுபடி நகர்த்துவாள். கொஞ்ச நேரத்தில் அலைவரிசையில் பக்கத்திலிருக்கிற தந்தி நிலையம் கீக்கீ என்று குறுக்கே புகுந்துவிடும். அத்தோடு சரி. அரைமணி நேர ஒலிபரப்பில் பின்பாதியை அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

யந்திரத்தின் கோளாறு என்று பங்காரம்மாவுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை.

“பாரு, பேசீட்டிருக்கறபோதே எந்திரிச்சுப் போயிட்டான்” என்பாள். “அன்னைக்கும் இப்பிடித்தான் போனான்.” கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கும். துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை எழாது. ராமாமணிதான் முந்தானையால் துடைத்துவிடுவாள்.

“இல்லீங்க அத்தை, அவிய அங்க பேசீட்டுத்தான் இருக்கறாங்க. நம்ம பொட்டிக்குத்தான் காது மங்குது.”

“அப்ப, போறப்ப வாரேன்னு சொல்லுவானா?”

அது ராமாமணிக்கும் தெரியாது. அவளுக்கும்தான் அந்தப் பின்பாதி வேண்டியிருந்தது. புருஷனிடமிருந்து கடிதம் வராமலில்லை. கடிதத்தில் அவன் எழுத்து இருந்தது, மூச்சு இல்லை. சொற்களுக்கு நடுவே அவன் மூச்சு வாங்குகிற சத்தம் ரேடியோவில் மட்டும்தான் வந்தது. நழுவிப் போகும்போது முதலில் காணாமல் போவதும் அந்த மூச்சுதான்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. மழையில் குரல் இன்னும் சீக்கிரம் நழுவியது. கார்த்திகையில் ஒருநாள் ராமாமணி உட்கார்ந்து யோசித்தாள். பெட்டியைப் போட்ட உடனே சரியாக இருக்கிறது. சூடேற ஏறத்தான் நழுவுகிறது. அதுவும் எந்நாளும் ஒரே பக்கமாக. திருகை அவள் வலது கைப் பக்கமாகத்தான் திருப்ப வேண்டியிருக்கிறதே தவிர, இடது பக்கம் திருப்ப நேர்ந்ததேயில்லை. அப்படியானால் சூடு பட்டு உள்ளே ஏதோ ஒன்று மாறுகிறது.

எது?

மாமியாரின் விழுந்த கைக்கு அவள் தினமும் உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது வழக்கம். அந்த முடிச்சையே ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டினாள். காலையில் டில்லி நிலையத்தை வைத்துக்கொண்டு, பெட்டியின் பின்பலகையைக் கழற்றிவிட்டு, சூடான முடிச்சை உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் தொடாமல் கொண்டுபோய்ப் பிடித்தாள். வால்வுக்குப் பக்கத்தில் பிடித்தாள்; டில்லிக்காரன் அசையவில்லை. கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் பிடித்தாள், கொஞ்சம் அசைந்தான். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிற சுருளோடு சேர்ந்தாற்போல ஒரு சின்னக் கண்டென்சர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பிடித்ததும் டில்லிக்காரன் சறுக்கிக்கொண்டு ஓடிப்போனான்.

குச்சியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கண்டென்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் மெழுகு வழிந்து உறைந்திருந்தது. அதில் அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அவள் சுற்றியதுதான்.

மெழுகு சூட்டில் இளகும், காகிதம் மழைக்கு ஈரம் குடிக்கும். இரண்டும் நடுவே இருக்கிறபோது கண்டென்சர் எப்படி ஒரு நிலையில் நிற்கும்? காகிதத்துக்குப் பதிலாகக் காக்காப்பொன் வைத்தால் என்ன என்று பார்த்தாள். புருஷன் விட்டுப்போன சாமான் டப்பாவில் மைக்கா என்கிற காக்காப்பொன் ஏடுகள் கொஞ்சம் இருந்தன. மயிலிறகுபோல் மினுமினுக்கிற அந்த ஏடுகளை வெற்றிலை அடுக்குகிற மாதிரி ஈயத்தாளோடு மாற்றி மாற்றி அடுக்கி, இறுக்கிக் கட்டி, பழையதை எடுத்துவிட்டு இதைப் பற்றவைத்தாள்.

அந்தப் புதன்கிழமை சுந்தரராஜுலு கப்பல் வரத்தைத் தாண்டி வந்தான். தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு ஏதோ சுகாதாரக் குறிப்பு படித்தான். குரலும் முன்னைவிடத் துலக்கமாக இருந்தது. காகிதம் தின்றுகொண்டிருந்த சத்தத்தைக் காக்காப்பொன் தின்னவில்லை. பங்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆனால் அந்தக் குறிப்பு முடிகிற சமயத்தில் குரல் கம்மத் தொடங்கி, தந்தி புகுந்து, அன்றைக்கும் பாதியில்தான் போயிற்று. முக்கால்வாசி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அதன்பிறகு காக்காப்பொன்னை எப்படி அடுக்கிப் பார்த்தும் அந்த மிச்ச நழுவல் போகவில்லை. சுருளில் இருக்கிற செம்பும் சூட்டில் கொஞ்சம் வீங்குகிறது. காக்காப்பொன் கண்டென்சரின் மின்சாரக் கொள்ளளவும் ஒரு துளி ஏறுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக இழுக்கின்றன. எதிர்ப்பக்கம் இழுக்க ஒன்றுமில்லை.

மாசி மாதம் ரசாக் வந்தார். ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவைக் காலி செய்தார்கள் என்றும், அங்கே வாங்கிய சாமான்களில் ஜெர்மனி ரேடியோ ஒன்று கிடக்கிறது என்றும் சொன்னார்.

“பொட்டியைக் கரையான் தின்னுபோட்டுதும்மா. உள்ள கருகிக் கெடக்குது. எதுக்காச்சும் ஆகுமான்னு வந்து பாரு தங்கச்சி. ஆகலைன்னா, உங்க அண்ணி அதுல கோழி அடைக்கலாம்னு சொல்றா.”

ராமாமணி போய்ப் பார்த்தாள். கருகித்தான் இருந்தது. ஆனால் சுருள்களுக்குப் பக்கத்தில், பீடித்துண்டு அளவுக்குச் சின்னச் சின்னக் குழாய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சில செம்மண் நிறம், சில பச்சை. தொட்டால் வழவழவென்று இருந்தன. உடைந்து கிடந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பீங்கான். குழாயின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெள்ளி பூசியிருந்தார்கள்.

“இதென்னம்மா இது? ஊதுகுழலா?” என்றாள் பக்ருன்னிசா.

“கண்டென்சருங்க அக்கா. உள்ள ஒரு வெள்ளி, வெளிய ஒரு வெள்ளி. நடுவுல மண்ணு.”

“மண்ணா? மண்ணு எதுக்காகும்?”

“பாக்கோணுங்க.”

உடையாத பச்சைக் குழாய்கள் மூன்று இருந்தன. செம்மண் நிறத்தில் இரண்டு. முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

முதலில் செம்மண் நிறத்தைப் போட்டுப் பார்த்தாள். உப்பு முடிச்சைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது அசைவதே இல்லை. ஆனால் தன்னளவில் அது நின்றதே தவிர, சுருளின் வீக்கத்தை அதனால் தடுக்க முடியவில்லை. பச்சையைப் போட்டபோது முதலில் நிலையமே கிடைக்கவில்லை. இத்தனூண்டு குழாய்க்குள், அவள் அடுக்கிய காக்காப்பொன் கட்டுக்குள் இருந்ததைப்போலப் பல மடங்கு கொள்ளளவு அடங்கியிருந்தது. மண்ணுக்கு மண் இப்படி வித்தியாசமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஒரே அளவுக் குழாய், ஒரே வெள்ளிப் பூச்சு. நடுவே இருக்கிற மண் மட்டும்தான் வேறு.

வெள்ளிப் பரப்பைக் குறைத்தால் கொள்ளளவும் குறைய வேண்டும். ஈயத்தாளை நறுக்கி நறுக்கிச் சுற்றிய கை அல்லவா, அது அவளுக்குத் தெரியும். புருஷனின் பழைய சவரக்கத்தியை எடுத்துக் குழாயின் வெளிப்பூச்சைச் சுரண்டினாள். டில்லி வந்தது. சூடேற விட்டாள். டில்லி நழுவியது.

ஆனால் இடது பக்கமாக.

ராமாமணி எழுந்து நின்றுவிட்டாள். அதுவரை ஒருநாளும் இடது பக்கமாகத் திருப்ப நேர்ந்ததில்லை. சூடு பட்டால் மற்றதெல்லாம் ஏறுகிறபோது, இந்தப் பச்சைக் குழாய்க்குள் இருக்கிற மண் இறங்குகிறது. எல்லாரும் கிழக்கே போனால் இது மேற்கே போகிறது.

“என்ன கண்ணு, சிரிக்கறே?” என்று கட்டிலிலிருந்து பங்காரம்மா கேட்டாள்.

“ஒரு கிறுக்கு மண்ணு கெடைச்சிருக்குதுங்க அத்தை. எல்லாத்துக்கும் எதிர்வாதம் பண்ணுது.”

“உங்க மாமனாராட்டம்” என்றாள் பங்காரம்மா.

காக்காப்பொன்னில் பாதியும் பச்சையில் கொஞ்சமுமாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், அது ஏறுகிற அளவுக்கு இது இறங்கும். இரண்டும் சமனாகிவிட்டால் குரல் நிற்கும். சொல்வதற்குச் சுலபம். பச்சை ஒரு துளி கூடினால் இடது பக்கம் ஓடியது. ஒரு துளி குறைந்தால் வலது பக்கம். கூடுதலாக இருந்தால் சுரண்டலாம். சுரண்டிய வெள்ளியைத் திரும்ப ஒட்ட முடியாது. முதல் குழாய் சுரண்டியே பாழாயிற்று. இரண்டாவது குழாயில் கத்தி வழுக்கி, பீங்கான் இரண்டாகப் பிளந்தது. ராமாமணி அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சாமான் டப்பாவில் போட்டாள். பிறகு கடைசிக் குழாயைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை. அது உடைந்தால், அப்புறம் எதிர்பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. உடையாமல் பானைக்குள் இருக்கிறவரைக்குமாவது எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அந்த இரண்டு புதன்கிழமையும் பங்காரம்மா அழுதாள். மூன்றாவது வாரம் ராமாமணி பானைக்குள் கையை விட்டாள்.

இந்த முறை கத்தியைத் தொடவில்லை. விபூதி கொட்டி, ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து, பித்தளைச் செம்பு விளக்குகிற பொறுமையோடு வெள்ளியைக் கரைத்தாள். கொஞ்சம் தேய்ப்பாள், துடைத்துக் காய வைப்பாள், பற்றவைப்பாள், சூடேற்றுவாள், டில்லியைக் கேட்பாள். நாள்கள் போயின. பங்குனி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில், பெட்டி தொட முடியாமல் கொதித்தபோதும் டில்லிக்காரன் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ராமாமணி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அந்தப் புதன்கிழமை ரசாக்கும் பக்ருன்னிசாவும் வந்திருந்தார்கள். வணக்கம். ரப்பர் விலை. கப்பல் வரத்து. சுகாதாரக் குறிப்பு. அதற்கப்புறம் கிராமபோன் தட்டில் ஒரு நாதசுரம். அதற்கப்புறம் அவன் ஒரு சின்னக் கதை படித்தான். குரல் அசையவில்லை. சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்குவதும், எச்சில் விழுங்குவதும்கூடக் கேட்டது. பங்காரம்மாவின் கண்கள் பெட்டியைவிட்டு அகலவில்லை. கடைசியாக அவன் சொன்னான்:

“இத்துடன் இன்றைய தமிழ் நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது. நேயர்களிடமிருந்து விடைபெற்றுக்கொள்கிறோம். வணக்கம்.”

கிளிக் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பங்காரம்மா மெல்லக் கேட்டாள்:

“கடசீல பேசுனது ஆரு?”

“அவியதானுங்க அத்தை.”

“என்ற மவன் அப்பிடிப் பேச மாட்டான்” என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராமாமணி பெட்டியை அணைத்தாள். எத்தனை மாதப் பாடு. குரலை நிற்க வைத்துவிட்டாள். நின்ற குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. நழுவி நழுவிப் போனபோது, பின்பாதியில் தனக்கும் ஒரு சொல் இருக்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது பின்பாதி முழுக்கக் கேட்டாயிற்று. அதில் அப்படி ஒன்றும் இல்லை.

பக்ருன்னிசாதான் மறுநாள் காலையில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

“என்ற தம்பி நாளன்னைக்கு நாகப்பட்டணம் போறான். கப்பலேறப் போறான். உன்ற ஊட்டுக்காரருகிட்ட என்ன சொல்லோணுமோ சொல்லியுடு.”

“அவியளுக்கு அங்க மேல அதிகாரி இருக்கறாங்க அக்கா. படிக்கச் சொன்னதைத்தான் படிக்க முடியும்.”

“அது அவுரு பாடு. நீ கேக்கறதைக் கேளு.”

ராமாமணி சொன்னாள்: “அம்மாகிட்ட வாரேன்னு சொல்லாமப் போயிட்டீங்களாமா. அவிய அதையே கேட்டுட்டிருக்கறாங்க. அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

“உனக்கு?”

“எனக்கு ஒன்னும் இல்லீங்க” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து கிளம்பினாள்.

சித்திரை போயிற்று. வைகாசியில் ஒரு புதன்கிழமை. எல்லாம் வழக்கம்போல நடந்தது. நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது என்றான். விடைபெற்றுக்கொள்கிறோம் என்றான். வணக்கம் என்றான். கிளிக் சத்தம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. மூச்சுதான் கேட்டது. பிறகு தணிந்த குரலில், அச்சுத் தமிழையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, கணபதிக்காரனாகப் பேசினான்.

“அம்மா, போயிட்டு வாரேனுங்க.”

கிளிக்.

பங்காரம்மாவின் இடது கை எழுந்தது. எழ முடிந்த ஒரே கை. பெட்டியைப் பார்த்து ஆசீர்வதிக்கிற மாதிரி அதைத் தூக்கி, சின்ன வயசில் மகனைக் கொஞ்சிய தெலுங்குச் சொல்லால் கூப்பிட்டாள்.

“செரி நாயனா. பாத்து, பதனமாப் போயிட்டு வா.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் அதைச் சொன்னான். அவன் அதிகாரி என்ன நினைத்தாரோ தெரியாது. மலாயாவில் கேட்டுக்கொண்டிருந்த எத்தனை அம்மாக்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்களோ, அதுவும் தெரியாது. ஒவ்வொரு புதன்கிழமையும் பங்காரம்மா பதில் சொன்னாள். பிறகு நிம்மதியாக இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். ராமாமணி அதில் “வாரேன்” என்கிற சொல்லை மட்டும் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டாள். அம்மாவைவிடத் தன்னிடம்தான் அவன் அதை அதிகம் சொல்லியிருப்பான் என்று ஒரு கணக்கு. அடுப்பங்கரையில் தனியாக நின்று, வாய்க்குள்ளேயே, “சரீங்க” என்பாள்.

ஆவணியில் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. புரட்டாசியில், ஒரு புதன்கிழமை விடியலில், பங்காரம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். ரசாக் ஓடிப்போய் சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்தார். சண்டைக் காலம், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்று தபாலாபீசில் சொல்லிவிட்டார்கள். பங்காளி முறையில் ஒருவர் கொள்ளி வைத்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்து, ஒறம்பரையான சொந்தச் சனங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு மணி நெருங்கியது. இழவு வீட்டில் ரேடியோ போடுகிற வழக்கம் உண்டா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? ராமாமணி ஈரத் தலையோடு உள்ளே போய், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, திருகைத் திருப்பினாள். சத்தத்தை அடியோடு குறைத்து, காதைப் பெட்டியின் துணியோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

தந்தி போய்ச் சேரவில்லை என்பது அவன் வணக்கம் சொன்ன மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. ரப்பர் விலை படித்தான். கப்பல்கள் தாமதமாக வரும் என்று படித்தான். ஒரு பாட்டுத் தட்டைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தான். குரல் கல்லாட்டம் நின்றது. வேண்டாம், இன்றைக்கு ஒருநாள் நழுவிப் போய்விடேன் என்று ராமாமணி வேண்டிக்கொண்டாள். அது நழுவவில்லை. நழுவாமலிருக்கத்தானே அத்தனை பாடும் பட்டாள்.

“அம்மா, போயிட்டு வாரேனுங்க.”

வெறும் கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

“செரி நாயனா” என்றாள் ராமாமணி. “பாத்து, பதனமாப் போயிட்டு வா.”

வாசலில் இருந்த பக்ருன்னிசா கதவைத் திறந்துகொண்டு வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் ராமாமணிக்கு, காலையிலிருந்து வராத அழுகை வந்தது.

மார்கழியில் சுந்தரராஜுலு வந்து சேர்ந்தான். தந்தி பிந்திப் போய்ச் சேர்ந்ததும், ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு, கிடைத்த கப்பலில் ஏறி, போத்தனூரில் ரயில் இறங்கி, குதிரை வண்டியில் வந்தான். மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. வாசலில் அவனைப் பார்த்ததும் ராமாமணிக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவளுக்கு அவன் வெறும் குரலாகத்தானே இருந்தான். “அம்மணி” என்று கூப்பிட்ட பிறகுதான் ஆள் யாரென்று மனசுக்குப் பட்டது.

உள்ளே வந்து, அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்:

“நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்டுதா?”

“கேட்டுதுங்க. ஒவ்வொரு வாரமும் கேட்டுது.”

“அவிய என்ன சொன்னாங்க?”

ராமாமணி அப்போதுதான் அதை நினைத்தாள். இங்கே குரல் நிற்பதற்கு அவள் அத்தனை பாடுபட்டாள். ஆனால் இங்கிருந்து ஒரு சொல்கூட அங்கே போனதில்லை. அத்தனை புதன்கிழமையும் அவன் ஓர் அறைக்குள் தனியாக உட்கார்ந்து, பதில் வராத இடத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

“செரி நாயனா, பதனமாப் போயிட்டு வான்னு சொன்னாங்க.”

“எப்பிடிச் சொன்னாங்க? அவிய சொன்ன மாதிரியே சொல்லு.”

அவள் மாமியாரின் குழறலோடு, இடது கையைத் தூக்கிக்கொண்டு, அதேபோலச் சொல்லிக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“இன்னொருக்கா சொல்லு, அம்மணி” என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மறுபடி சொன்னாள்.